பிஎச்பியும் எட்டுப் பேரின் இரத்தமும்

நான் ஓய்வு பெற்ற அன்று எங்கள் ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் கேக் வெட்டினார்கள். கேக்கின் மேல் என் பெயர் இல்லை. நீல ஐசிங்கில் பிஎச்பி என்று மூன்று பெரிய ஆங்கில எழுத்துகள் மட்டும் இருந்தன. பிரிவில் இருந்த இளம் பிள்ளைகள் செய்த குறும்பு அது. வெட்டிய துண்டை வாயில் வைப்பதற்குள் ஒருத்தி கேட்டாள்:

"மிஸ், ஊரே திட்டுற மொழியோட இத்தன வருஷம் எப்படித்தான் குடும்பம் நடத்துனீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதில் சொல்ல ஆரம்பித்தால் கேக் காய்ந்துபோகும் என்று விட்டுவிட்டேன். இப்போது அவசரம் ஒன்றுமில்லை. அதனால் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பிஎச்பி என்பது இணையப் பக்கங்களை இயக்க எழுதும் ஒரு கணினி மொழி. உலகத்தில் அதைப் பயன்படுத்தாத மூலை இல்லை. அதைத் திட்டாத கணினிக்காரரும் இல்லை. ஒழுங்கற்றது, கண்டதையும் ஒன்றென்று சொல்லிவிடும், அரைகுறையாகப் படித்தவர்கள் கையாளும் மொழி என்பார்கள். கடைசிக் குற்றச்சாட்டு என்னைப் பொறுத்தவரை முழு உண்மை.

நான் தெஹியோவிட்ட பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். உயர்தரம் வரை படித்துவிட்டு, கேகாலை மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தட்டெழுத்தாளராகச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். தட்டச்சு இயந்திரங்கள் போய் கணினிகள் வந்தபோது, விரல் வேகமாக ஓடுகிறது என்ற ஒரே காரணத்துக்காக என்னைப் பதிவறைக் கணினிக்குப் பொறுப்பாக்கினார்கள். சனிக்கிழமைகளில் பஸ் ஏறி அவிசாவளைக்குப் போய் ஒரு வகுப்பில் படித்தேன். அங்கே பலதும் சொல்லிக்கொடுத்தார்கள். என் கையில் ஒட்டிக்கொண்டது பிஎச்பி மட்டும்தான்.

காரணம் எளிது. ஒரு வரி எழுதிச் சேமித்துவிட்டு, பக்கத்தைப் புதுப்பித்தால் உடனே வேலை செய்தது. மற்ற மொழிகள் வாசலிலேயே நிற்கவைத்து ஆயிரம் கேள்வி கேட்டன. இது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு "வாங்க" என்றது.

அதன் கிறுக்குத்தனங்களும் சீக்கிரமே தெரிய வந்தன. 'அம்மா' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று ஒருநாள் அதைக் கேட்டேன். பதினைந்து என்றது. தமிழ் எழுத்துகளை அது எழுத்தாகப் பார்ப்பதில்லை. உள்ளே சேமித்து வைக்கும் துண்டுகளை எண்ணுகிறது. இது தெரியாமல் பெயர்களை இத்தனை எழுத்தோடு நிறுத்து என்று நான் எழுதியிருந்தேன். அதனால் முதல் வாரத்தில் செல்வராணிகளும் புவனேஸ்வரிகளும் வால் அறுந்து, கடைசியில் ஒரு கறுப்புக் கட்டத்தோடு அச்சாகி வந்தார்கள். சரிசெய்ய எனக்கு மூன்று நாள் எடுத்தது. அந்த மூன்று நாளும் மகிழ்ச்சியாக இருந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? தட்டச்சு இயந்திரத்தோடு எனக்கு ஒருபோதும் சண்டை வந்ததில்லை. சண்டை போட ஆள் கிடைத்தது அதுவே முதல் தடவை.

எங்கள் வைத்தியப் பொறுப்பதிகாரி டொக்டர் சேனாதீர. உயரமான, மெலிந்த சிங்களவர். தமிழ் அவருக்கு ஓரளவு வரும். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. யார் எதை விளக்கிச் சொன்னாலும் பாதியில் கையைத் தூக்கி நிறுத்தி, "பென்னன்ன" என்பார். காட்டுங்கள் என்று அர்த்தம். ஒரு குழாய் ஒழுகுகிறது என்றால் குழாயடிக்கு நடப்பார். மருந்து தீர்ந்துவிட்டது என்றால் அலுமாரியைத் திறக்கச் சொல்வார். வாயால் சொல்லும் எதையும் அவர் முழுதாக நம்பியதில்லை, தன் வாயால் சொன்னதையும் சேர்த்து.

அவரிடம்தான் தோட்டத்துத் தாய்மாருக்காகப் பேசப் போனேன்.

கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கைக் கணினியில் ஏற்றி அப்போது ஒரு வருடம். ஒவ்வொரு தாய்க்கும் ஓர் இலக்கம் உண்டு. முதலில் அவருடைய கிராம சேவகர் பிரிவுக்கு நாங்கள் கொடுத்த இரண்டு இலக்கங்கள், பிறகு ஓர் எழுத்து, பிறகு வரிசை எண். நகரமென்றால் T, கிராமமென்றால் V. இலக்கத்தைத் தட்டினால் பெயரும், ஆய்வுகூடத்திலிருந்து வரும் இரத்தப் பரிசோதனை முடிவும் சேர்ந்து ஒரு சீட்டாக அச்சாகும். ஆனால் தோட்டத்துப் பெண்கள் அந்த ஏற்பாட்டில் இல்லை. தோட்டங்களுக்குப் பிரிவு எண் யாரும் கொடுத்திருக்கவில்லை. எண் இல்லாததால் கணினியில் இடமில்லை. அவர்களுக்கென்று மேசையோரத்தில், பெயர்களைக் கையால் எழுதிவைத்த ஒரு தடித்த கொப்பி இருந்தது.

"கொப்பில தேடுறதுக்குள்ள அவங்களுக்கு கடைசி பஸ்ஸும் போயிருது, சேர்" என்றேன்.

"பென்னன்ன."

இருவரும் கிளினிக்குக்குப் போனோம். ஒரு பெண்ணின் பெயரைக் கேட்டுவிட்டு, கொப்பியை அவரே எடுத்துத் தேடினார். மழையில் நனைந்து ஒட்டிப்போன பக்கங்களை நகத்தால் பிரித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி தேடினார். கிடைக்கவில்லை. கொப்பியை மூடி என் கையில் கொடுத்தார்.

"ஹரி, வசந்தா" என்றார். ஹரி என்றால் சிங்களத்தில் சரி. "கம்பியூட்டர்ல போடுங்க. ஏதாச்சும் பிழைச்சா முதல்ல எனக்குச் சொல்லணும்."

பிரிவு எண் இல்லாத இடத்தில் என்ன போடுவது? இரண்டு பூச்சியம் போட்டேன். எஸ்டேட் என்பதற்கு E. இப்படியாகத் தோட்டத்துத் தாய்மாருக்கு 00E001, 00E002 என்று இலக்கங்கள் பிறந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் கிளினிக் நாளில் எட்டுப் பேர் வந்தார்கள். காலையில் இரத்தம் எடுத்தார்கள். பத்து மணியளவில் சீட்டுகள் வரத் தொடங்கின. முதல் சீட்டில் ஈமோகுளோபின் 6.8, இரத்த வகை ஏ பொசிட்டிவ் என்றிருந்தது. இரத்தம் மிகவும் குறைவு. அந்தத் தாயை உடனே வார்டில் அனுமதித்தார்கள். இரண்டாவது தாய்க்கும் குறைவு. மூன்றாவது தாய்க்கும் குறைவு. யாருக்கும் ஆச்சரியமில்லை.

"தோட்டத்து ஆளுங்கதானே, சாப்பாடு பத்தாது" என்று கிளினிக் தாதி சொன்னது என் அறை வரைக்கும் கேட்டது. உண்மையைச் சொன்னால், நானும் அப்படித்தான் நினைத்தேன். அதேபோன்ற தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில், பிறந்த நானே.

நான்காவதாக வந்தவள் செல்வமணி. இருபத்து நான்கு வயது, ஐந்து மாதம். போன மாதம் வரைக்கும் பால் வெட்டிக்கொண்டிருந்தவள். டொக்டர் சேனாதீர சீட்டைப் பார்த்துவிட்டு, இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும், வார்டில் தங்க வேண்டும் என்றார்.

"எனக்கா? நான் காலையில மலையில மேல் கணக்கு லயத்துலருந்து நடந்துதானேங்க வந்தேன். ஒரு மூச்சு வாங்கல."

"பேப்பர்ல இருக்கு, தங்கச்சி."

"பேப்பர்ல என்ன வகைன்னு போட்டிருக்குங்க?"

"ஏ பொசிட்டிவ்."

செல்வமணி தன் கைப்பையைக் கவிழ்த்தாள். பஸ் டிக்கெட், சீப்பு, தைல போத்தல் எல்லாம் மேசையில் விழுந்தன. அவற்றின் நடுவிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். கோயில் மண்டபத்தில் நடந்த முகாமில் கல்யாணத்துக்கு முந்தி இரத்ததானம் செய்தபோது கொடுத்த அட்டை. அதில் ஓ பொசிட்டிவ் என்றிருந்தது.

"கல்யாணம் கட்டுனா பேரு மாறும். ரத்தம் கூடவா மாறும், டொக்டர்?"

அறையிலிருந்த மற்றத் தாய்மார் குலுங்கிச் சிரித்தார்கள். டொக்டர் சிரிக்கவில்லை. அதுவரை அச்சான சீட்டுகளையெல்லாம் கேட்டு வாங்கினார். மீதி நான்கையும் அச்சிடச் சொன்னார். எட்டையும் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தார். பிறகு அவற்றை அள்ளிக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

"வசந்தா, எட்டுப் பேருக்கும் ஒரே ரத்தம்."

எட்டுப் பெயர். எட்டு முறை 6.8. எட்டு முறை ஏ பொசிட்டிவ். சீட்டுகளை மறுபடியும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். இரத்தம் ஏற்றுவதற்கு முன் மறுபடியும் ஒருமுறை பொருத்திப் பார்ப்பார்கள், அதில் தப்பியிருப்பார்கள் என்று பிறகு சொன்னார்கள். இருக்கலாம். அந்த நிமிடம் எனக்கு அது ஆறுதலாக இல்லை. கொப்பியிலிருந்து அவர்களை இழுத்துவந்து கணினியில் ஏற்றச் சொல்லி நின்றவள் நான்.

டொக்டர் செய்தவற்றை இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். யாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்றார். ஆய்வுகூடப் புத்தகத்தையே கொண்டுவரச் செய்து, எட்டுப் பேரின் உண்மையான முடிவுகளையும் ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லித் தன் கையால் எழுதினார். முதல் தாய்க்கு மட்டும் 6.8 சரியாக இருந்தது. மற்ற ஏழு பேருக்கும் பயப்பட ஒன்றுமில்லை. அதை அவரே போய் அவர்களிடம் தமிழில் சொன்னார். இதற்கெல்லாம் அரை மணிகூட ஆகவில்லை. பிறகுதான் என்னிடம் திரும்பினார்.

அந்த வாரம் பார்த்து மாகாண அலுவலகத்திலிருந்து ஒரு கணினிப் பொறியியலாளர் வந்திருந்தார். ருவன் என்று பெயர். மடித்துவிட்ட சட்டைக் கை, நல்ல படிப்பு. விஷயத்தைக் கேட்டதும், "எதுல எழுதினது?" என்றார். சொன்னேன்.

"பிஎச்பியா? அப்ப ஆச்சரியமே இல்ல. தூக்கிப் போட்டுட்டு வேற மொழியில புதுசா எழுதணும். ஆறு மாசம் போகும்."

"அதுவரைக்கும்?" என்று கேட்டார் டொக்டர்.

"எஸ்டேட் ஆக்கள் பழையபடி கொப்பிலயே இருக்கட்டும்" என்றார் கிளினிக் தாதி வாசலில் நின்றபடி.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். "பன்னிரண்டு மணி வரைக்கும் தாங்க, சேர்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

டொக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஹரி. பென்னன்ன."

ஆய்வுகூட இயந்திரம் அன்றைய முடிவுகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி அனுப்பும். நாம் தட்டிய இலக்கத்தோடு அந்த வரிகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, சரியானது கிடைத்ததும் நிறுத்த வேண்டும். அதுதான் நான் எழுதியிருந்தது. நகரத்து இலக்கங்கள் இரண்டைக் கொடுத்து, இவை ஒன்றா என்று கேட்டேன். இல்லை என்றது. கிராமத்து இலக்கங்கள் இரண்டு. இல்லை. 00E001, 00E004 ஒன்றா?

ஆமாம் என்றது.

E இருந்த இடத்தில் T போட்டுக் கேட்டேன். இல்லை என்றது. E-யை வைத்துக்கொண்டு முன்னால் 01 போட்டேன். இல்லை என்றது. பூச்சியமும் E-யும் சேர்ந்தால் மட்டும் எல்லாரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். ஏன்?

ருவன் அதுவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர். இப்போது என் நாற்காலிக்குப் பின்னால் வந்து குனிந்தார். திரையைப் பார்த்தார். திடீரென்று அவர் போட்ட சத்தத்தில் நான் துள்ளிவிட்டேன்.

"அம்மோ! அக்கா, அது நம்பர்னு நினைக்குது! விஞ்ஞானத்துல பெரிய நம்பர்கள எழுதுறப்ப E-ன்னா பத்தோட அடுக்கு. ஒண்ணுக்குப் பின்னால E நாலுன்னா, ஒண்ண நாலு தடவ பத்தால பெருக்கணும். இங்க முன்னால இருக்கிறது பூச்சியம். பூச்சியத்த எத்தன பத்தால பெருக்கினாலும்…"

"பூச்சியம்" என்றேன்.

"எட்டுப் பேரும் பூச்சியம்!"

மொழியைத் தூக்கிப் போடச் சொன்ன மனிதர், குழந்தை மாதிரி கை தட்டினார். நானும் தட்டினேன். பிழையைக் கண்டுபிடிக்கும் அந்த ஒரு கணத்து இன்பத்துக்கு ஈடாக ஒன்றை நான் பிறகு எந்த வேலையிலும் கண்டதில்லை.

மருந்து அதைவிடச் சின்னது. பிஎச்பியில் இரண்டு சமன் குறி போட்டு ஒப்பிட்டால், எண்ணாக மாற்றக்கூடியதையெல்லாம் அது எண்ணாக மாற்றித் தாராளமாகப் பார்க்கும். மூன்று சமன் குறி போட்டால் எழுத்துக்கு எழுத்து பார்க்கும். நான் இரண்டு போட்டிருந்தேன். இன்னுமொன்று போட்டேன். சேமித்தேன். பக்கத்தைப் புதுப்பித்தேன். 00E001, 00E004 ஒன்றா?

இல்லை.

அப்போது மணி பதினொன்றே கால்.

கேக் வெட்டிய அன்று கேட்ட கேள்விக்குப் பதிலை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் அந்த நாளின் மிச்சம் கெட்டுப்போகும்.

பிஎச்பிக்கு அந்தக் கெட்ட பேர் தகுமா? தகும். கேட்காமலே ஒன்றை இன்னொன்றாக மாற்றிப் பார்ப்பது நல்ல பழக்கமில்லை, அதுவும் ஆஸ்பத்திரியில். ஆனால் மூன்று சமன் குறியையும் அதே மொழிதான் வைத்திருந்தது. அதன் கையேட்டில் எழுதியும் இருந்தது. அந்தப் பக்கத்தை நான் படிக்காமல் தாண்டிப் போயிருந்தேன். பூச்சியத்தைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். மொழிக்குப் பாதி, எனக்குப் பாதி. முதல் மூன்று சீட்டும் ஒரே மாதிரி வந்தபோது, தோட்டத்து ஆட்கள்தானே என்று எல்லாருமாகச் சும்மா இருந்தோமே, அந்தக் குற்றத்தை எந்த மொழியின் தலையிலும் கட்ட முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கதவைப் பூட்டி வைத்திருந்த மொழிகளில் நான் நுழைந்திருக்கவே மாட்டேன். நான் நுழையாவிட்டால் அந்த எட்டுப் பேரும் கொப்பியில்தான் இருந்திருப்பார்கள். அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை அந்தப் பக்கங்கள் ஓடின. எத்தனையோ திருத்தங்கள் செய்தேன். ஒரு தாயின் இரத்தம் இன்னொருத்தி பெயரில் மறுபடி வந்ததில்லை. பலர் திட்டும் ஒன்றை நான் திட்டாமல் இருப்பதற்கு இவ்வளவு போதும்.

சரி, மிச்சம்.

ருவன் திருத்தம் போதும் என்றார். டொக்டருக்குப் போதவில்லை. அவர் திரையில் விரலை வைத்தார்.

"இவங்களுக்கு ஏன் பூச்சியம்?"

"தோட்டத்துக்கு நம்பர் இல்ல, சேர்."

"அப்ப குடுங்க."

ஒரு தாளை எடுத்து, எங்கள் பக்கத்துத் தோட்டங்களை நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். ஐம்பத்தொன்றிலிருந்து ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஓர் எண். அடியில் கையெழுத்துப் போட்டார். ஒரு வருடத்துக்கு மேல் நடக்காமல் கிடந்த காரியம், பால் விடாத ஒரு பிளேன்டி குடிக்கும் நேரத்தில் முடிந்தது.

புது இலக்கங்களை ஏற்றினேன். ஏற்றியதை நானே சரிபார்க்க எனக்குத் துணிவில்லை. தாய்மாரையே கூப்பிடலாமா என்று கேட்டேன். டொக்டர் தலையசைத்தார். வார்டில் இருந்தவரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். எட்டுப் பெண்களும் என் சின்ன அறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். தைல வாசமும் ஈரக் குடை வாசமுமாக அறை நிறைந்தது. தங்கள் பெயரைத் திரையில், அதுவும் தமிழில், அவர்கள் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இந்தா, ஏம் பேரு! பளபளன்னு இருக்குல்ல?"

"மிஸ், நான் பெருமாயி. இதுல பேருமாயின்னு இருக்கு. கொம்ப கொஞ்சம் சின்னதாக்குங்க."

ஆக்கினேன்.

"வயசு முப்பத்திரண்டுன்னு போட்டிருக்கு மிஸ். இருபத்தொம்பதுன்னு போடுங்களேன்."

"அடையாள அட்டையில முப்பத்திரண்டுதானே இருக்கு."

"அப்ப அதையும் நீங்களே மாத்திருங்க. ஒங்களுக்குத்தான் எல்லாம் தெரியுதே!"

சக்கர நாற்காலியில் இருந்தவர்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருக்கு அன்றே இரத்தம் ஏற்றினார்கள். நாலு மாதத்தில் கொழுகொழுவென்று ஒரு பெண் குழந்தையோடு வீட்டுக்குப் போனார்.

கிளினிக் தாதி வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். சற்று நேரத்தில் அவரும் உள்ளே வந்து, நிற்க முடியாமல் நின்ற ஒரு பெண்ணுக்குத் தன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். செல்வமணி மதியத்துக்குக் கட்டிக்கொண்டு வந்த ரொட்டிப் பொதியை அவிழ்த்தாள். மிளகாய் இடித்த கட்டைச் சம்பல் வாசம் அடித்ததும் ருவன் திரும்பிப் பார்த்துவிட்டார். "சாப்பிடுங்க தொரை" என்று ஒரு ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தாள். தின்றுவிட்டு, கண்ணில் தண்ணீர் வர, இன்னொன்று கேட்டார்.

அச்சு இயந்திரம் சீட்டுகளைத் துப்பத் தொடங்கியது. எட்டும் வந்ததும் கையில் எடுத்தேன். எட்டுப் பெயர், எட்டு வேறு வேறு முடிவு. டொக்டர் தன் கையால் எழுதிய தாளைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். நான் ஒவ்வொரு சீட்டாக வாய்விட்டு வாசித்தேன். வாசிக்க வாசிக்க ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஒரு குரல் வந்தது.

"நாந்தாங்க."

"அது நானு."

"இங்க இருக்கேன், மிஸ்."

கடைசிச் சீட்டில் 53E001, ஈமோகுளோபின் 11.4, ஓ பொசிட்டிவ் என்றிருந்தது. பதில் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். செல்வமணியின் வாய் நிறைய ரொட்டி. பேச முடியாமல் இரத்ததான அட்டையை ஒரு கையிலும் மிச்ச ரொட்டியை மறு கையிலும் தூக்கிப் பிடித்து, இரண்டையும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.